94-இல் நின்றுபோன வேகம்: வீட்டு லேன் இணைப்பைச் சோதித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் திட்டம். கீழ்த்தளத்தில் ஃபைபர் வந்து இறங்கும் பெட்டியில் லேப்டாப்பை நேராகச் செருகினால் 300-க்குக் குறையாமல் காட்டும். மாடியறையில், சுவரில் உள்ள லேன் பாயிண்ட் வழியே வரும் வயரில் செருகினால் 94. விடிகாலையில் 94, நடுராத்திரியில் 94, எந்த வேகச் சோதனை இணையதளத்தில் பார்த்தாலும் 94. இணைய நிறுவனத்திடம் மூன்று முறை புகார் கொடுத்தேன். வந்த தம்பி கீழே அளந்து காட்டினார், 300 சரியாக இருந்தது, கிளம்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. கோளாறு மாடியறைச் சுவர்ப் பெட்டிக்குள், சரியாக அமுக்கப்படாத ஒரு பிரவுன் வயரில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது, சரிசெய்யப் பத்து நிமிடம்.

அந்த 94 என்ற எண்ணே முதல் நாளில் எனக்கு விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியவில்லை. வைஃபையில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், காரணம் தேடுவது கடினம். வயர் அப்படியில்லை. அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தங்களுக்கென்று ஓர் எண்ணையோ ஒரு நடத்தையையோ காட்டிவிடும். அவற்றைப் பார்த்து, எந்தத் துண்டில் பிழை என்று ஒதுக்கிப் பிடிப்பதுதான் இங்கே நாம் செய்யப்போவது.

முதலில் எண்கள்

திட்டத்தில் போட்டிருக்கும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். 300 எடுத்தவருக்கு 37 மெகாபைட் வேகத்தில் படம் இறங்கினால் அவருக்கு முழு வேகமும் வந்துவிட்டது. புகார் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது, கேபிளின் வேகம் முழுவதும் நம் தரவுக்குக் கிடைக்காது. தரவு சிறு சிறு பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது. 1500 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்ப, லேன் வயரில் தரவு போகும் முறையான ஈதர்நெட் அதன் முன்னும் பின்னும் 38 பைட் நேரத்தைச் செலவழிக்கிறது. பாக்கெட்டுக்குள்ளேயே ஐபி, டிசிபி தலைப்புகள் (முகவரி, வரிசை எண் போன்ற குறிப்புகள்) 40 பைட் பிடித்துக்கொள்கின்றன. ஆக, 1538 பைட் போகும் நேரத்தில் நமக்குப் போய்ச்சேருவது 1460, அதாவது 94.9 சதவீதம். பாக்கெட்டில் நேரக்குறிப்பும் சேர்த்து அனுப்பும் கணினிகளில் இன்னும் 12 பைட் போய் 94.1 ஆகும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் வயரில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவு:

10 எம்பிபிஎஸ் இணைப்பு: சுமார் 9.4
100 எம்பிபிஎஸ் இணைப்பு: 94 முதல் 95
1 ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பு: 940 முதல் 949
2.5 ஜிகாபிட் இணைப்பு: சுமார் 2,350

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உங்கள் திட்டம் 100-க்கு மேல் இருந்து, சோதனை மட்டும் திரும்பத் திரும்ப 94, 95 என்று நின்றால், வழியில் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

ஏன் இறங்குகிறது? லேன் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய ஊசிகள். நம் ஊரில் வழக்கமாகப் போடும் நிற வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் இரு திசையிலும் 250 எம்பிபிஎஸ் சுமக்கிறது. நீலத்திலோ பிரவுனிலோ ஒரு வயர் அறுந்தால், இரு முனையிலும் உள்ள சிப்கள் ஜிகாபிட்டுக்கு முயன்று பார்த்துத் தோற்று, 100-க்கு இறங்கிக்கொள்ளும். இணையம் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகமே வராது. இப்படி இறங்கத் தெரியாத சிப்களும் உண்டு. அவற்றில் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும், இணைப்பு நிலைக்கவே நிலைக்காது.

படி 1: பாதையை வரைந்துகொள்ளுங்கள்

வீட்டுக்குள் ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து உங்கள் கணினி வரை வழியில் இருக்கும் ஒவ்வொன்றையும் தாளில் வரிசையாக எழுதுங்கள். இரண்டு பொருளை இணைக்கும் சிறிய ரெடிமேட் லேன் கேபிளைக் குட்டி கேபிள் என்கிறேன். சுவிட்ச் என்பது மின் சுவிட்ச் இல்லை, ஒரு லேன் இணைப்பைப் பல போர்ட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டி. எங்கள் வீட்டில் அது இப்படி இருந்தது: ஃபைபர் பெட்டி, குட்டி கேபிள், ரௌட்டர், குட்டி கேபிள், கீழ்ச் சுவர்ப் பெட்டி, சுவருக்குள் ஓடும் கேபிள், மாடிச் சுவர்ப் பெட்டி, குட்டி கேபிள், சுவிட்ச், குட்டி கேபிள், கணினி. பதினோரு பொருள். கட்டில் அடியில் யாரோ எப்போதோ வைத்த ஐந்து போர்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படி மறந்துபோன சுவிட்சுகள்தான் பல வீடுகளில் கோளாறு.

இந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு நேராக ரௌட்டரை மாற்றக் கிளம்பாதீர்கள். இனி வரும் எல்லாச் சோதனையும் இந்த வரிசையில் எந்த இரண்டு பொருளுக்கு நடுவில் வேகம் விழுகிறது என்று பார்ப்பதுதான்.

படி 2: சோதிக்கும் முன்

கணினியில் வைஃபையை அணையுங்கள். வயரும் வைஃபையும் சேர்ந்து இருந்தால் எதன் வழியே போகிறது என்று தெரியாமல் தவறான எண்ணை நம்பிவிடுவோம். விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். டிவியில் படம் ஓடுவது, போனில் போட்டோக்கள் மேலேறுவது, கேம் அப்டேட் இறங்குவது, எல்லாம் நிற்கட்டும். வீட்டில் எல்லாரிடமும் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப் பேட்டரி சேமிப்பு முறையில் இல்லாமல் சார்ஜரில் இருக்கட்டும்.

படி 3: இணைப்பின் வேகத்தைப் பாருங்கள்

எந்த வேகச் சோதனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. கணினியும் எதிர்முனையும் கேபிளைச் செருகியவுடன் தங்களுக்குள் பேசி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்கின்றன. ஒத்துக்கொண்ட வேகம் என்ன என்பதைக் கணினியே சொல்லும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட். கீழே இறங்கினால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் ஜிகாபிட், 100/100 என்று இருந்தால் உங்கள் தேடல் பாதி முடிந்தது. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர். லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளையோடு உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயரைச் சேர்த்துத் தட்டினால் ஸ்பீட் என்ற வரியில் வரும்.

கணினி தன் பக்கத்துப் பொருளோடு பேசிய வேகத்தை மட்டுமே சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. நடுவில் சுவிட்ச் இருந்தால், கணினிக்கும் சுவிட்சுக்கும் 1000 இருக்கலாம், சுவிட்சுக்கும் ரௌட்டருக்கும் 100 இருக்கலாம். எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. கணினி 1000 என்று சொன்னதால் கேபிள் நல்லது என்று நம்பி நாட்களை வீணாக்கினேன். சுவிட்சைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேராகச் சுவர்ப் பெட்டியில் செருகிப் பார்த்திருந்தால் அன்றே 100 என்று காட்டியிருக்கும். ஆகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படத்தில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் செருகி, வேகத்தை அந்த இடத்துக்கு எதிரே எழுதுங்கள். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்திலும் பல மாடல்களில் ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

போர்ட் விளக்கின் நிறத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு மாடலில் பச்சை என்றால் ஜிகாபிட், இன்னொன்றில் அதே பச்சை 100.

படி 4: வாசலில் வந்து சேரும் வேகம்

இப்போது இணையத்தின் பக்கம். லேப்டாப்பை ஃபைபர் பெட்டியிலேயே, உங்களிடம் இருக்கும் நல்ல குட்டி கேபிளால் செருகிச் சோதியுங்கள். தனி ரௌட்டர் வைத்து அதில் பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலைக்குள் நுழையும் முறை) பயனர் பெயர் போட்டிருந்தால், ரௌட்டரின் முதல் லேன் போர்ட்டில் செருகினால் போதும்.

சோதனைத் தளம் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் பல நேரம் உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வரையே தேர்ந்தெடுக்கும், அது அவர்கள் வலைக்குள்ளேயே இருக்கும். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து இழுக்கும். கிளவுட்ஃபிளேருக்கும் ஒரு சோதனை உண்டு. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் அதை நம்பலாம். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை. காலையில் முழு வேகமும் இரவில் பாதியும் வந்தால் அது நெரிசல், உங்கள் கேபிளுக்கு அதில் பங்கில்லை. மாத டேட்டா வரம்பு தீர்ந்துவிட்டதா என்பதையும் அவர்கள் செயலியில் பாருங்கள். தீர்ந்தபின் வேகத்தைக் குறைக்கும் திட்டங்கள் நிறைய.

தொலைவில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, சோதனை காட்டும் தாமத எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஒளி ஃபைபருக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே சுமார் 2,900 கிலோமீட்டர், போய்வர 29 மில்லிநொடி ஆகியே தீரும். எந்த ரௌட்டரும் அதைக் குறைக்க முடியாது.

வாசலில் திட்ட வேகம் வருகிறதா? அப்படியென்றால் நிறுவனத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் தேடுங்கள். வரவில்லையென்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

படி 5: இணையத்தைத் தொடாமல் வீட்டு வயரை மட்டும் அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இணைய வேகச் சோதனை வீட்டு வயர், ரௌட்டர், ஃபைபர், நிறுவனம், சர்வர் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கலக்கிக் கொடுக்கிறது. ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இரண்டு கணினிக்கு நடுவில் உள்ளதை மட்டும் அளக்கும். வட்டில் எதையும் எழுதாது, நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு அனுப்பும். பெரிய கோப்பை நகலெடுத்து வேகம் பார்ப்பதைவிட இது நம்பகமானது. நகலெடுக்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ தடையாக இருந்து, பழி கேபிள் மேல் விழும்.

இரண்டு கணினி வேண்டும். ஒன்றை ரௌட்டரின் லேன் போர்ட்டில் செருகி அங்கேயே வையுங்கள். மற்றது சந்தேகத்துக்குரிய முனையில். லினக்ஸில் மென்பொருள் தொகுப்பிலேயே இருக்கிறது, மேக்கில் ஹோம்புரூ வழியாகப் போடலாம், விண்டோஸுக்குத் தொகுத்த கோப்புகள் கிடைக்கின்றன. கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன்.

ரௌட்டர் அருகே உள்ள கணினியில் ஐபெர்ஃப்3, இடைவெளி, சிறு கோடு, சின்ன எஸ். அது காத்திருக்கத் தொடங்கும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். அது பயன்படுத்தும் போர்ட் எண் 5201. பிறகு மாடிக் கணினியில் ஐபெர்ஃப்3, சிறு கோடு, சின்ன சி, அதன்பின் கீழ்க் கணினியின் ஐபி எண் (வீட்டு வலையில் அதன் முகவரி). பத்து நொடி ஓடி, கடைசியில் சராசரியைச் சொல்லும். அதே வரியின் கடைசியில் சிறு கோடும் பெரிய ஆர் எழுத்தும் சேர்த்து மறுபடி ஓட்டினால் எதிர்த்திசையில் அளக்கும். இரண்டு திசையையும் கட்டாயம் அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரு திசை மட்டும் கெட்டுப்போன கேபிள்கள் உண்டு.

வந்த எண்ணை இப்படிப் படியுங்கள்.

இரு திசையிலும் 940-ஐ ஒட்டி வந்தால் அந்தப் பாதை முழுக்க நலம். இனி அதைத் தொடாதீர்கள்.

94 வந்தால் வழியில் 100 எம்பிபிஎஸ் போர்ட்டோ நான்கு ஜோடியும் சேராத கேபிளோ இருக்கிறது.

300-ஐ ஒட்டி, ஆடாமல் அசையாமல் நின்றால் யுஎஸ்பி 2.0-ஐச் சந்தேகியுங்கள். அதன் பெயரளவு வேகம் 480. ஜிகாபிட் என்று எழுதிய யுஎஸ்பி லேன் அடாப்டரைப் பழைய போர்ட்டில் செருகினால் இவ்வளவுதான் தேறும். லேப்டாப்பின் வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினாலே சில நேரம் 940 வந்துவிடும். ராஸ்பெரி பை 3பி+ பலகையை ஒரு முனையில் வைத்து அளப்பவர்களுக்கும் இதே எண்தான் வரும், அதன் ஜிகாபிட் போர்ட்டும் உள்ளே யுஎஸ்பி 2.0 வழியே போகிறது.

ஒரு திசையில் 940, மறுதிசையில் 200, 400, 150 என்று தாவினால் கேபிளில் பிழை. லினக்ஸில் அனுப்பும் பக்கம் மறு அனுப்புகளின் எண்ணிக்கை தனி நெடுவரிசையில் வரும். அதில் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

600, 700 என்று நின்று, கட்டளையோடு சிறு கோடு, பெரிய பி, 4 என்று சேர்த்து நான்கு ஓட்டமாக அனுப்பும்போது 940 ஆனால் வயர் நல்லது. கணினியின் ஒற்றை ஓட்டத் திறன்தான் குறைவு.

இன்னொரு பயனும் இதில் இருக்கிறது. ரௌட்டரின் இரண்டு லேன் போர்ட்டுக்கு நடுவில் போகும் தரவு, உள்ளே இருக்கும் சுவிட்ச் சிப்போடு முடிந்துவிடும், ரௌட்டரின் மூளைக்குப் போகாது. ஆகவே ஐபெர்ஃப் 940 காட்டி, ஃபைபர் பெட்டியில் நேராகச் சோதித்தால் 500 வந்து, ரௌட்டர் வழியே மட்டும் இணையம் 250-இல் நின்றால், ரௌட்டரின் செயலி திணறுகிறது. பெற்றோர் கட்டுப்பாடு, போக்குவரத்து முன்னுரிமை போன்ற வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்து அளந்து பாருங்கள். பழைய ரௌட்டர்களில் இவை ஒவ்வொன்றும் வேகத்தை விழுங்கும்.

இரண்டாவது கணினி இல்லாதவர்கள் குறைந்தபட்சம் பிங் செய்யலாம், அதாவது சிறு பாக்கெட்டுகளை அனுப்பிப் பதில் திரும்பி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்க்கலாம். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் பிங், ரௌட்டரின் ஐபி எண், சிறு கோடு, என், 200. வயரில் ரௌட்டருக்குப் போய்வர 1 மில்லிநொடியோ அதற்கும் குறைவோதான் ஆக வேண்டும். இருநூறில் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. நான்கைந்து தொலைந்தால் கேபிளைப் பாருங்கள். நெட்ஸ்டாட், சிறு கோடு, இ என்று தட்டினால் பிழைகளின் எண்ணிக்கை வரும். கால் மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள்; ஏறியிருக்கக் கூடாது.

படி 6: கேபிளைப் பிடிப்பது

எண்கள் கேபிளைக் காட்டிவிட்டன என்றால் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் குட்டி கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியானால் எது கெட்டது என்று தெரியாமல், கெட்டதும் டிராயருக்குள் போய் அடுத்த வருடம் வேறு அறையில் திரும்ப வரும். கெட்டதென்று தெரிந்ததை அங்கேயே வெட்டிப் போடுங்கள். நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி நசுங்கியது, கதவிடுக்கில் மாட்டியது, கிளிப் உடைந்து தொங்குவது, எலி கடித்தது, இவற்றைச் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேபிளின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கேட்5இ என்று இருந்தால் 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாராளமாகப் போகும். வீட்டுக்குள் கேட்6 கட்டாயமில்லை. புதிதாகச் சுவருக்குள் போடுபவர்கள் கேட்6 போட்டுக்கொள்ளலாம், 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தாங்கும் என்பதால் பின்னால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. கடைக்காரர் கேட்7, கேட்8 என்று காட்டினால் அந்தப் பணத்தை நல்ல செம்பில் போடுங்கள்.

செம்பு என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சந்தையில் அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு பூசிய கேபிள் நிறைய விற்கிறது. பெட்டியில் சிசிஏ என்று போட்டிருப்பார்கள், போடாமலும் விற்பார்கள். தூக்கினாலே எடை குறைவாக இருக்கும். ஒரு வயரின் மேல்தோலைச் சீவி, பிளேடால் கம்பியை மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். செம்பைவிட மின்தடை அதிகம், நாலைந்து முறை வளைத்தால் ஒடியும், கேபிள் வழியே மின்சாரமும் போகும் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் போட்டால் சூடாகும். வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் வாங்கிவரும் கேபிளைச் சுவருக்குள் போகும் முன் நீங்களே சுரண்டிப் பாருங்கள். பூச்சு முடிந்தபின் தெரிந்து பயனில்லை.

அடுத்து சுவர்ப் பெட்டி. இரண்டு திருகைக் கழற்றி முகப்பை வெளியே இழுங்கள். எட்டு வயரும் அதனதன் பல்லில் ஆழமாக இறங்கியிருக்கிறதா? ஏதாவது ஒன்று மேலே நிற்கிறதா? எங்கள் வீட்டில் வெள்ளை-பிரவுன் இறங்கியிருந்தது, பிரவுன் பல்லின் மேலே உட்கார்ந்திருந்தது, விரலால் தொட்டதும் எழுந்து வந்துவிட்டது. கடலோர ஊர்களில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். முனையை வெட்டி, புதிதாகச் சீவி, பஞ்ச் டவுன் கருவியால் திரும்ப அமுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் அமுக்கினால் பல் விரிந்துவிடும், ஆறு மாதத்தில் மறுபடி கழன்றுகொள்ளும்.

பிளக்கைத் திரும்பக் கிரிம்ப் செய்வதாக (கருவியால் அழுத்திக் கேபிள் முனையில் மாட்டுவதாக) இருந்தால் நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பிளக்கின் கிளிப் கீழ்ப்பக்கமும் தங்க நிற ஊசிகள் மேல்பக்கமும் வயர் நுழையும் வாய் உங்களைப் பார்த்தும் இருந்தால் இடது ஓரம் ஒன்றாம் எண். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளித்தோலும் பிளக்குக்குள் போய் அதன் பிடியில் மாட்ட வேண்டும். வயரை மட்டும் பிடித்துத் தொங்கும் பிளக் வெகுநாள் தாங்காது.

நிறத்தை அடுக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு முனையிலும் ஒரே மாதிரி அமுக்கிவிடுவார்கள். விளக்கு ஒளிரும் சாதாரண கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரியும். எல்லாம் சரி என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் 3, 6 எண் ஊசிகள் ஒரே முறுக்கில் வர வேண்டும். இப்படி அடுக்கினால் 3-இல் பச்சை ஜோடியின் ஒரு வயரும் 6-இல் நீல ஜோடியின் ஒரு வயரும் வந்து, முறுக்கு தரும் பாதுகாப்பு போய்விடும். ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் கேட்கும். அரை மீட்டர் கேபிளில் தெரியாது, இருபது மீட்டரில் வேகம் தாவத் தொடங்கும். டெஸ்டர் எட்டும் எரிந்தது என்பது வயர் அறுபடவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. நிறத்தைக் கண்ணால் பாருங்கள்.

230 வோல்ட் மின்வயர் ஓடும் அதே குழாயில் லேன் கேபிளை இழுக்க அனுமதிக்காதீர்கள். வேகத்தைவிட உயிர் பெரிது. மின்வயரின் தோல் உரிந்தால் அந்த மின்சாரம் குழந்தை தொடும் லேப்டாப்புக்கு வரும்.

படி 7: கேபிள் நல்லது, ஆனாலும் 94

இப்போது போர்ட்டுகள். ரௌட்டர் பெட்டியில் ஏசி1200 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது வைஃபையின் 300-ஐயும் 867-ஐயும் கூட்டி மேல்நோக்கிச் சரிசெய்த எண். அப்படிப்பட்ட ரௌட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட் வெறும் 100. பெட்டியின் பின்னால் சிறு எழுத்தில் 10/100 என்று இருந்தால் 100, 10/100/1000 என்று இருந்தால் ஜிகாபிட். சுவிட்சுக்கும் இதே கணக்கு, இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். சில ஃபைபர் பெட்டிகளில் நான்கு போர்ட்டில் ஒன்று மட்டுமே ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. உங்கள் கேபிள் மூன்றாவது போர்ட்டில் இருந்தால் முதல் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஸ்மார்ட் டிவியில் 94 வந்தால் கவலை வேண்டாம். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100-தான், 4கே படத்துக்கு அது போதும்.

மென்பொருள் பக்கம் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்ற வரி ஆட்டோவில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் கையால் 100 முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும்) என்று நிலைநிறுத்தினால், மறுபக்கம் அதை அரை டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும், இரண்டும் மோதி வேகம் பாதாளத்துக்குப் போகும். இணைப்பு அவ்வப்போது விட்டுவிட்டு வந்தால் அதே பட்டியலில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பாருங்கள். டிரைவரைக் கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

மொட்டை மாடி வழியே அடுத்த வீட்டுக்கோ அவுட்ஹவுஸுக்கோ லேன் கேபிள் இழுத்திருப்பவர்களுக்கு ஒன்று. இடி மழையில் மின்னல் நேராக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீளமான கேபிளில் மின்னழுத்தம் எழும்பி போர்ட்டைச் சுடும். முழுதாகச் செத்தால் தெரிந்துவிடும். பாதி செத்த போர்ட் 100-இல் மட்டும் இணைந்து ஆளை அலைக்கழிக்கும். நேற்றுவரை 940, இடி இடித்த இரவுக்குப் பின் 94 என்றால் கேபிளைத் தோண்டும் முன் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஃபைபரே சரி, அதில் மின்சாரம் பாயாது.

வாசலிலேயே வேகம் இல்லையென்றால்

படி 4-இல் ஃபைபர் பெட்டியிலேயே குறைவாக வந்தவர்கள் இப்போது உறுதியாகப் புகார் கொடுக்கலாம். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "வயரில் நேராக உங்கள் பெட்டியில் செருகி அளந்தேன், வைஃபை அணைத்திருந்தது, லிங்க் ஸ்பீட் 1000, இந்தத் தேதிகளில் காலை இவ்வளவு, இரவு இவ்வளவு." திரைப்பிடிப்புகளை அனுப்புங்கள். புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும்; இந்தியாவில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி அந்த இரண்டாம் கட்டம் இருக்கிறது. வருபவர் வீட்டுக்குள் ஓடும் கேபிளைக் குறைசொன்னால் ஐபெர்ஃப் எண்ணைக் காட்டுங்கள்.

சரிசெய்தபின் அன்றைக்கே முடித்துவிடாதீர்கள். பிங்கை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் எத்தனை தொலைந்தது என்று பாருங்கள். பிறகு சுவர்ப் பெட்டியின் முகப்பைக் கழற்றி, உள்பக்கம் மார்க்கரால் தேதி, லிங்க் வேகம், ஐபெர்ஃப் எண், கேபிள் கீழே எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்று எழுதி மூடுங்கள். எங்கள் மாடியறைப் பெட்டியில் 1000, 941, 938, போர்ட் 2 என்று எழுதியிருக்கிறேன்.